எங்க வீட்டுத் தரை

இன்னொரு தடவ அந்த மிஷின இந்தப் பொந்துகிட்ட கொண்டு போங்க தம்பி. ம், கத்துது. இப்ப இடுப்பு உயரத்துக்குத் தூக்குங்க. பாத்தீங்களா, கம்முனு ஆயிடுச்சு. மறுபடியும் கீழ. ஐயோ, என்னமா கத்துது. போதும் போதும், நிறுத்துங்க. அப்ப நீங்க வழியில சொன்னது நெசந்தான். மூச்ச அடைக்கிற அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, கண்ணுக்குத் தெரியாது, தண்ணி மாதிரி தரையிலதான் தேங்கும். பதினோரு வருஷமா இந்த எரிமலைக்கு ஆள் ஏத்துறேன், அழுகின முட்டை நாத்தம் அடிச்சா விலகிப் போகத் தெரியும். நாத்தமே இல்லாத ஒண்ணு இருக்குன்னு எவன் கண்டான்?

உக்காருங்க. அந்தப் பக்கம் வேணாம், கல்லு சுடும், பின்னாடி வெந்துடும். இங்க வாங்க. இந்தாங்க, ரொட்டி. ஆட்டுப் பால்கட்டி, நானே செஞ்சது. தின்னுங்க. தின்னுக்கிட்டே கேளுங்க, ஒண்ணு கேக்கணும் உங்ககிட்ட. விடியறதுக்கு முன்னாடி ஏற ஆரம்பிச்சப்பவே கேக்கணும்னு இருந்தேன், மூச்சு வாங்கிக்கிட்டு இருந்தீங்க, பாவமா இருந்துச்சு. அந்த மிஷினோட எங்க வீட்டுக்கு வரணும். பத்தே நிமிஷம். ஒரு ரூம்ல, தரையில வைக்கணும். அவ்வளவுதான்.

ஏன் முடியாது?

காயிதத்துல உச்சின்னு மட்டும்தான் போட்டிருக்கா. சரி. பார்க் ஆபீஸ்ல குடுத்த அனுமதிக் காயிதம், அத மீறக் கூடாது. எனக்குப் புரியாமலா? நானும் அந்த ஆபீஸ்காரங்க குடுத்த வழிகாட்டி அட்டைய கழுத்துல மாட்டிக்கிட்டுத்தான் நிக்கிறேன். ஆனா தம்பி, மலைய வந்து பாக்கலாம், அளக்கலாம், படம் புடிக்கலாம். அதே மலையோட அடிவயித்துல படுத்துத் தூங்குறவ வீட்ட எட்டிப் பாக்கக் கூடாதா? எந்த ஊரு நியாயம் இது?

கோவிச்சுக்காதீங்க. எனக்கு வாய் நீளம். எங்க வீட்டுக்காரரு ஜெசுயீனு தெனமும் சொல்லுவாரு, எரிமலை இருவது வருஷத்துக்கு ஒரு தடவதான் பொங்குது, நீ பொழுதன்னைக்கும் பொங்குறியேன்னு.

நெசத்தச் சொல்லிடுறேன். இன்னைக்கு முறை என்னுது இல்ல. எங்க ஊர்ல வர்றவங்கள மலைக்குக் கூட்டிப் போறது முறை வச்சுத்தான். பலகையில வரிசையா பேர் எழுதியிருக்கும், ஒருத்தர் முறைய இன்னொருத்தர் தொட்டா அடிதடி ஆயிடும். இன்னைக்கு ஜெல்சன் முறை. வாயு அளக்குற மிஷினோட தலைநகரத்துலேருந்து ஒருத்தரு வர்றாருன்னு கேள்விப்பட்டதும் அவன் வாசல்ல போய் நின்னேன். என்ன அக்கா, வர்ற பையன் அழகா இருப்பானோன்னு சிரிச்சான். என்னோட அடுத்த மூணு முறையையும் நீயே எடுத்துக்கடான்னேன். சிரிப்பு நின்னு போச்சு. சரி போன்னுட்டான்.

அதுக்காகவாவது வாங்க.

இங்கேருந்தே காட்டுறேன், எந்திரிங்க. அதோ, கருப்பு பாறைக்கு நடுவுல புள்ளி புள்ளியா தெரியுதே, அதுதான் ஊரு. நீலத் தகரம் போட்டது எங்க வீடு. அதுக்கு ஒட்டுனாப்புல பச்சைக் கதவு வச்சது ஐரினேயா வீடு. கதவு தெரியலையா? தெரியாது. எனக்குத் தெரியும். அந்தக் கதவ நான் தூக்கியிருக்கேன். நாலு வருஷத்துக்கு முன்னாடி நெருப்புக் குழம்பு ஊருக்குள்ள வந்தப்ப அவ என் வீட்டு ஜன்னலக் கழட்டினா, நான் அவ வீட்டுக் கதவக் கழட்டினேன். ரெண்டு பேரும் ஆளுக்கொரு முனையப் புடிச்சு நாலு கிலோமீட்டர் நடந்தோம். திரும்பிப் பாத்தா வீடு இல்ல. அவ சொன்னா, கதவு இருக்கு தெயோலிந்தா, பூட்டு இருக்கு, சாவி கூட இருக்கு, வீடுதான் இல்லன்னு. சிரிச்சோம் தம்பி. அழுதுக்கிட்டே சிரிச்சோம்.

அப்பேர்ப்பட்டவ. இன்னைக்கு ஒரு மணி வண்டியில ஊர விட்டுப் போறா. ஆமா, நீங்க போறீங்களே, அதே வண்டிதான். கீழ டவுனுக்குப் போய், அங்கேருந்து கப்பல் ஏறி, அக்கா வீட்டோட போய் இருக்கப் போறாளாம். அக்காவுக்கும் இவளுக்கும் பத்து வருஷமா பேச்சு வார்த்தை இல்ல. அங்க போறான்னா பாத்துக்கங்க. அவ போறதுக்குள்ள நீங்க எங்க வீட்டுல அந்த மிஷின வச்சுப் பாக்கணும். அதான் விஷயம்.

சொல்றேன், சொல்றேன். இறங்கிக்கிட்டே சொல்றேன். சாம்பல் சரிவு வழியா போவோம், ஏறுனதுல பாதி நேரம் கூட ஆவாது. குதிகால ஊணி, பின்னாடி சாஞ்சு, ஓடணும். பயந்து நின்னீங்கன்னாதான் விழுவீங்க. வாங்க.

மெதுவா. ஆங், அப்படித்தான். நல்லாத்தான் ஓடுறீங்க.

நிலுங்க, நிலுங்க. ஷூவக் கழட்டிச் சாம்பலக் கொட்டுங்க, இல்லேன்னா தோல உரிச்சுடும். நானும் கொட்டிக்கிறேன்.

திரும்பி வந்து கட்டுன கதை தெரியுமில்ல உங்களுக்கு? எங்களுக்குக் கீழ டவுனுப் பக்கம் வீடு குடுத்தாங்க. இருந்து பாத்தோம். திராட்சைக் கொடி இங்க, ஆடு இங்க, வர்ற ஆளுங்க ஏறுற மலை இங்க. அங்க உக்காந்து கொட்டாவி விடவா? வந்துட்டோம். குழம்பு காய்ஞ்சு இறுகினதுதான் தாமதம், அது மேலயே கல்ல அடுக்கிக் கட்டிட்டோம். கட்டக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. நாங்களும் சரி சரின்னு தலையாட்டிக்கிட்டே கட்டினோம். தரையில சிமெண்ட்டு பூசினா ஒரு மணி நேரத்துல காய்ஞ்சு போச்சு. அடியில அவ்வளவு சூடு. வெறுங்கால வைக்க முடியாது முதல் வருஷம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஆறிச்சு.

எங்களுக்கு அது வரம் தம்பி. இந்தப் பள்ளத்துல சாயங்காலம் ஆச்சுன்னா பல்லு கிட்டிக்கும், நீங்களே நேத்து போர்வை ரெண்டு கேட்டீங்களாமே. எங்க வீட்டுல தரை வெதுவெதுன்னு இருக்கும். ரொட்டி மாவ பிசைஞ்சு தரையில வச்சா அரை மணியில பொங்கிடும். அவரைக் கொட்டை காயப்போடுவோம். துணி காயப்போடுவோம். பிள்ளை பொறந்தா மெத்தைய மடிச்சுத் தரையில போட்டு அதுல கிடத்துவோம். எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான். கட்டில்ல பெரியவங்க, தரையில சின்னது. வீட்டுலயே நல்ல எடம் அதுக்குத்தான்.

எனக்கும் பொறந்துச்சு. கல்யாணமாகி பதினாலு வருஷம் கழிச்சு. முப்பத்தொம்பது வயசுல. ஊரே சிரிச்சுது, திராட்சை காய்க்காதுன்னு வெட்டப் போன கொடி குலை தள்ளிடுச்சுன்னு. பொண்ணு. லெனீரா. தொப்புள்கொடி வெட்டினது ஐரினேயாதான். அவளுக்குப் பிள்ளை இல்ல.

ஒம்பது நாள் இருந்துச்சு.

என்ன சொல்லப் போறீங்க, ஒண்ணும் சொல்ல வேணாம். ஷூவ மாட்டுங்க.

மூணு மாசம் ஆச்சு. காலைல எந்திரிச்சுப் பாத்தா தூங்குற மாதிரிதான் இருந்துச்சு. கன்னமெல்லாம் செவசெவன்னு. டாக்டரக் கூட்டி வர ரோடு சரியில்ல, மழை. அடக்கம் பண்ணிட்டோம். எதனாலன்னு எல்லாரும் கேட்டாங்க. எதனாலன்னு நானும் கேட்டேன். அப்பதான் ஒருத்தி சொன்னா, ஏழாம் நாள் ஐரினேயா பிள்ளையப் பாத்து என்ன சொன்னா, ஞாபகம் இருக்கான்னு.

ஏழாம் நாள் எங்களுக்குப் பெரிய நாளு தம்பி. அன்னைக்குப் பொழுது சாஞ்சதும் சொந்தபந்தமெல்லாம் வந்து பிள்ளையச் சுத்தி உக்காந்து காவல் காக்கணும். பாட்டு, சாப்பாடு, கொஞ்சம் சரக்கு. கெட்டது எதுவும் கிட்ட வராம பாத்துக்கறதுக்கு. பிள்ளைய அழகுன்னு எவளாவது சொன்னா, கடவுள் காக்கட்டும்னு அடுத்த மூச்சுலயே சேத்துச் சொல்லிடணும். இல்லேன்னா கண்ணு பட்டுடும். ஐரினேயா பிள்ளையக் கையில வாங்கி, தங்கக் கட்டியாட்டம் இருக்காளேன்னா. அவ்வளவுதான் சொன்னா. மத்தத மறந்துட்டா. மறந்துட்டாளா, அழுகை முந்திக்கிச்சா, எனக்குத் தெரியாது. கண்ணு நெறைய தண்ணி.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதுன்னு ஆளாளுக்கு ஆரம்பிச்சாங்க. பிள்ளை இல்லாதவ கையில குடுக்கலாமான்னு கேட்டாங்க. அப்புறம் நடந்தத என்னன்னு சொல்ல? அவகிட்ட பால்கட்டி வாங்குறத நிறுத்திட்டாங்க. வர்ற ஆளுங்கள அவ வீட்டுல தங்க அனுப்புறது இல்ல. அவ தண்ணி புடிக்க வந்தா பிள்ளை வச்சிருக்கறவளுங்க துணியப் போட்டுப் பிள்ளைய மூடிக்கிட்டு நகர்ந்து போவாளுங்க. ஜெசுயீனு ஒரு நாள் குடிச்சுட்டுப் போய் அந்தப் பச்சைக் கதவுல கல்ல எறிஞ்சாரு. நான் தூக்கிட்டு நடந்த கதவு. நான் சுவத்துக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். எழுந்து போய் அவரு கையப் புடிக்கல.

வாங்க, ஓடுவோம். நேரம் ஆவுது.

ம்? இல்ல, எனக்குத் தரை மேல எப்படிச் சந்தேகம் வந்துச்சுன்னுதானே கேக்குறீங்க. கோழி. பிள்ளை கிடந்த ரூமுக்குள்ள கால் வைக்க மனசு வராம பூட்டியே வச்சிருந்தோம். போன மாசம் குளுரு தாங்காம நான்தான் கோழிங்கள உள்ள விட்டேன். காலைல பாத்தா நாலு கோழி செத்துக் கிடக்கு. காயம் இல்ல, ரத்தம் இல்ல. மேல பரண்ல ஏறி உக்காந்திருந்தது மட்டும் கொக்கொக்குன்னுக்கிட்டு இருக்கு. தரையத் தொட்டுப் பாத்தேன். வெதுவெதுன்னு ஆறியிருந்த தரை மறுபடியும் சுடுது. சுவத்தோரம் விரல் நுழையற அளவுக்கு ஒரு வெடிப்பு. ஜெசுயீனுகிட்ட சொன்னேன். எலி மருந்த தின்னிருக்கும்டீன்னாரு. நான் திரும்பச் சொன்னேன். அப்ப அவரு, இத வெளிய சொன்னா என்ன ஆகும்னு தெரியுமான்னாரு.

தெரியும். நீங்களும் அதத்தான் சொல்ல வர்றீங்க. மிஷின் கத்துச்சுன்னா நீங்க எழுதியாகணும். எழுதினா ஊரக் காலி பண்ணச் சொல்லுவாங்க. மறுபடியும் ஜன்னலக் கழட்டணும், கதவக் கழட்டணும். ஊரே என்னைப் புடிச்சுத் தின்னுடும். சும்மா போன பேயக் கூப்புட்டு நடுவீட்டுல உக்கார வச்சவன்னு திட்டுவாங்க. திட்டட்டும் தம்பி. கீழத்தெரு டானியாவோட பையனுக்கு ஏழு மாசம். அவனும் தரையிலதான் படுத்திருக்கான். போய்ச் சொன்னேன் அவகிட்ட. பிள்ளையத் தூக்கிக் கட்டில்ல போடுடீன்னேன். உனக்குத் துக்கம் தலைக்கேறிடுச்சு அக்கான்னு கையப் புடிச்சு முத்தம் குடுத்து அனுப்பிட்டா. என் பேச்சு யாரு நம்புவா? பிள்ளை செத்தவ பேச்சு. உங்க மிஷின் கத்தினா நம்புவாங்க. அதுக்குத் துக்கம் கிடையாதுல்ல.

ஐரினேயாகிட்ட ஏன் போய்ச் சொல்லலைன்னா கேக்குறீங்க?

போனேன். வாசல் வரைக்கும் மூணு தடவ போனேன். என்னன்னு சொல்றது? உன் மேல போட்ட பழி தப்புன்னு நான் நெனைக்கிறேன்னா? பாவம் ஓரிடம் பழி ஓரிடம்னு சொல்லுவாங்களே, அந்தப் பழியை முதல்ல வாய் விட்டுச் சொன்னவ யாருன்னு நெனைக்கிறீங்க? வேற ஒருத்தி ஞாபகப்படுத்தினா, அவ்வளவுதான். ஆமா, அவதான், அவ கண்ணுதான்னு நடுவாசல்ல நின்னு மார்ல அடிச்சுக்கிட்டுக் கத்தினது நான். அவ அப்ப கஞ்சி காய்ச்சி எனக்குத்தான் எடுத்துக்கிட்டு வந்துக்கிட்டு இருந்தா. பாத்திரத்தக் கீழ வச்சுட்டு திரும்பிப் போயிட்டா.

அங்க பாருங்க. ரோட்டுல தூசி. வண்டி வந்துடுச்சு. மணி என்ன ஆச்சு? பன்னெண்டு இருபதுக்கே வந்துட்டானா, பாவிப் பய! ஆள் நெறைஞ்சா கிளம்பிடுவான் தம்பி, மணிக் கணக்கெல்லாம் அவனுக்குக் கிடையாது. உங்க பைய வண்டியில ஏத்தச் சொல்லிட்டுத்தானே வந்தீங்க? ஆமால்ல? அப்ப உங்களுக்காகவாவது நிப்பான். நிக்கணும். ஓடுங்க, திராட்சைப் பள்ளத்துக்குள்ள எறங்கிடாதீங்க, கொடி நசுங்கும், வரப்பு மேலயே வாங்க.

வர்றீங்களா? எங்க, வீட்டுக்கா? நெசமாவா?

நீங்க நல்லா இருப்பீங்க. நல்லா இருப்பீங்க தம்பி. இல்ல, அழல, மூச்சு வாங்குது. இந்தச் சந்துதான். தலையக் குனிங்க, வாசல் தாழ்வு. ஜெசுயீனு திராட்சைத் தோட்டத்துக்குப் போயிட்டாரு, அவரு இருந்தா விட மாட்டாரு, நல்ல வேளை. தண்ணி குடிக்கிறீங்களா? வேணாமா. சரி. இதுதான் ரூம். சாவி இந்தாங்க, நீங்க தொறங்க.

ஜன்னல் சாத்தியிருக்கறது அப்படியே இருக்கட்டுமா? நீங்க சொல்றபடி. நான் வாசப்படியிலயே நிக்கிறேன்.

அங்க இல்ல. கட்டில் மேல வச்சா ஒண்ணும் கத்தாது, அங்க நாங்க படுத்து நல்லாத்தான் எந்திரிச்சோம். இந்தச் சுவத்தோரம். வெடிப்பு தெரியுதா? அதுக்கு ஒரு முழம் தள்ளி, இங்க. இன்னும் கீழ. மெத்தை உயரம்னா எவ்வளவு இருக்கும், நாலு விரக்கடை. அந்த உயரத்துல புடிங்க.

கத்துது.

மலை மேல கத்தினதவிட பலமா கத்துதே. நம்பர் ஏறிக்கிட்டே போகுதா? இல்ல, நான் வரல, நீங்க முதல்ல வெளிய வாங்க, மூச்சப் புடிச்சுக்கிட்டு வாங்க. ஆங். கதவத் தொறந்தே விடுங்க. நீங்க ஏன் இப்படி வெளுத்துப் போயிட்டீங்க? உக்காருங்க. அந்த நம்பர ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க, பெருசா எழுதுங்க, உங்க கையெழுத்து போடுங்க. டானியாவுக்குக் காட்டணும். அவளுக்குத்தான் முதல்ல. இல்ல, முதல்ல ஐரினேயாவுக்கு.

ஹாரன் அடிக்கிறான் பாருங்க. உங்களத்தான் தேடுறான். எல்லாரும் ஏறியாச்சு போல.

அப்பவே எதுவும் தெரியலையான்னு கேக்காதீங்க தம்பி. நீங்க கேக்கல, கண்ணு கேக்குது. சொல்லிடுறேன். இந்தக் காயிதம் அவ பேர்ல இருக்குற பழியத்தான் எடுக்கும். என்னுது இதுல இல்ல. ஏழாம் நாள் காவல் இருக்கறப்ப பிள்ளை தலைமாட்டுல மெழுகுவத்தி ஏத்தி வைப்போம், சாஸ்திரம். ஒரு சின்ன தட்டுல, தரையில. அது அணைஞ்சுச்சு. காத்தே இல்ல, அணைஞ்சுச்சு. மறுபடியும் ஏத்தினேன், அணைஞ்சுச்சு. மூணாம் தடவையும் அணைஞ்சதும் எல்லாரும் பாட்ட நிறுத்திட்டு ஐரினேயா மூஞ்சியப் பாத்தாங்க. அவதான் சொன்னா, தெயோலிந்தா, இந்த எடம் எனக்கு என்னமோ சரியாப் படல, எடுத்து மேல வையேன்னு. நானும் எடுத்து மேலதான் வச்சேன். நாற்காலி மேல. அங்க அது விடிய விடிய நின்னு எரிஞ்சுச்சு. மெழுகுவத்திய தம்பி. பிள்ளைய எடுக்கல.

அவ என்னத்த எடுக்கச் சொன்னான்னு இன்னைக்கு வரைக்கும் நான் கேக்கல. வழிய விடுங்க, வண்டி நகருது.